‘பொன்மாடப் புறா’வில் ஒரு பாட்டு

“சரிக்கா, எந்தப் படம்னு கேட்டா என்ன சொல்றது?” என்றான் பிரபு.

“படம் இல்லைன்னு சொல்லு,” என்றாள் லிடியா.

“படம் இல்லாம பாட்டு எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே.”

“என் தலையிலருந்து வந்துச்சுன்னு சொல்லு.”

“சொல்றேன். சொல்லிட்டு மேடையிலருந்து எந்தப் பக்கமா இறங்கி ஓடுறதுன்னு அதையும் நீயே சொல்லிரு.”

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவில் மடக்கி உட்கார்ந்திருந்த அக்பர் அலி, சிரித்த வேகத்தில் தபேலாவில் தலையை இடித்துக்கொண்டார். லிடியா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நத்தம் ரோட்டின் புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

அவள் வாரநாட்களில் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பாள். சனி, ஞாயிறு மாலைகளில் ‘சிறுமலைத் தென்றல் மெல்லிசைக் குழு’வின் பாடகி. கல்லூரியில் படிக்கும்போதிருந்து சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டும் போட்டு வந்தாள். அதில் ஒன்றாவது ஒரே ஒரு தடவை மேடையில், மைக்கில், நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் முன்னால் பாடப்பட வேண்டும், எழுதியது இவள் என்று ஒருவர் சொல்ல வேண்டும். இதைத்தான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுத்துக்கொண்டிருந்தவர் குழுவின் தலைவரும் கீபோர்டு கலைஞருமான ஆண்டனிராஜ். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

“ஜனங்க பாட்டு கேக்க வரலைம்மா, ஞாபகப்படுத்திக்க வர்றாங்க,” என்றார் முன் சீட்டிலிருந்து, திரும்பாமலே. “புதுப் பாட்டை வச்சுக்கிட்டு எதை ஞாபகப்படுத்திக்கிறது? எந்திரிச்சுப் பந்திக்குப் போயிருவாங்க.”

“எல்லாப் பாட்டும் ஒருநாள் புதுப் பாட்டாத்தான மாஸ்டர் இருந்துச்சு.”

“இருந்துச்சு. தியேட்டர்ல உக்கார வச்சுக் கதவைச் சாத்திட்டுப் போட்டாங்க. நமக்குக் கதவு இல்லியே.”

பிரபுவின் கவலை வேறு. அவன் குழுவின் அறிவிப்பாளன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வருடம், படம், பாடியவர் என்று குரலைக் கொஞ்சம் கனமாக்கிச் சொல்வது அவன் வேலை. படத்தின் பெயர் சொல்லாமல் பாட்டு தொடங்கினால் கூட்டம் ஒருவரை ஒருவர் பார்க்கும். ஏதோ இனிஷியல் இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்ததுபோல் பார்க்கும். அதனால்தான் லிடியாவின் பாட்டு என்றாலே அவன் பேச்சை மாற்றப் பார்ப்பான்.

நத்தத்தில் அன்று புதுமனை புகுவிழா. மாந்தோப்பு வைத்திருக்கும் சோலைமுத்து புது வீடு கட்டியிருந்தார். மஞ்சள் பெயின்ட் அடித்த மாடி வீடு, வாசலில் பந்தல், பந்தலின் கோடியில் மேடை. எல்லாம் தயாராக இருந்தது. வர வேண்டியவர்கள் மட்டும் வரவில்லை. சோலைமுத்துவின் மனைவி பழனியம்மாளின் அண்ணன்மார் சீர்த் தட்டுகளோடு வந்த வேன் சாணார்பட்டி தாண்டிப் பஞ்சராகி நின்றது.

மெல்லிசைக் கச்சேரிக்கு எழுதப்படாத வரிசை ஒன்று உண்டு. முதலில் சாமிப் பாட்டு. பிறகு பெரியவர்களுக்காகக் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு. அப்புறம் எண்பதுகள். சாப்பிட்டு முடித்துப் பையன்கள் மேடைக்கு முன்னால் கூடியதும் குத்துப் பாட்டு. பெண்ணெடுத்த வீட்டு ஆட்கள் வந்து உட்காரும்வரை பழைய பாட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ‘எங்களுக்காகக் காத்திருக்க முடியலையாக்கும்’ என்று அண்ணன்மார் வந்த வேனிலேயே திரும்பிவிடுவார்கள்.

கைவசமிருந்த பழைய பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. மாஸ்டர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி லிடியா பக்கம் குனிந்தார்.

“செத்த நேரம் ஓட்டணும். உன் பாட்டைப் பாடு. ஆனா நான் வாசிக்கிற மாதிரிதான் பாடணும்.”

அவள் அந்தப் பாட்டை மெதுவான ஒரு கிடார் இசைக்காக எழுதியிருந்தாள். மாஸ்டர் கீபோர்டில் வயலின்களையும் புல்லாங்குழலையும் எடுத்தார். அக்பர் அலி தபேலாவைத் தட்டிப் பார்த்து, குதிரை வண்டி போவதுபோல ஒரு நடையைப் பிடித்தார். லிடியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பாட்டு ஒரு நொடியில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்து நின்றதுபோல் இருந்தது.

“அடுத்து வரும் பாடல்…” என்று பிரபு தொடங்கினான்.

லிடியா அவனைப் பார்த்தாள். சொல்லேன் என்பதுபோலப் பார்த்தாள். அவன் எதிரே பார்த்தான். முன் வரிசையில் பெரியவர்கள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். இரண்டு பேர் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். பிரபுவின் பார்வை மேலே போனது. மஞ்சள் மாடியின் கைப்பிடிச் சுவரில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு வெளிவந்த ‘பொன்மாடப் புறா’ திரைப்படத்திலிருந்து…” என்றான். “அன்று முதல் இன்று வரை நம் நெஞ்சைவிட்டு நீங்காத பாடல்.”

மாஸ்டரின் விரல்கள் ஒரு கட்டை தவறி விழுந்தன. ஆனால் வயலின்கள் தொடங்கிவிட்டன. லிடியாவுக்குப் பாடுவதைத் தவிர வேறு வழியில்லை.

*சன்னலோரம் வந்த காற்றே – நீ*
*சாவி கொண்டு வந்தாயோ?*
*என்னை மூடி வைத்த கதவை*
*எந்தக் கையால் திறந்தாயோ?*

செருப்பைத் தேடியவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது சரணத்தில் லிடியா ஒரு விநோதத்தைக் கண்டாள். வீட்டுக்காரர் சோலைமுத்து, தோளில் துண்டும் கையில் வெற்றிலைத் தட்டுமாக நின்றபடி, கூடவே பாடிக்கொண்டிருந்தார். உலகத்தில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாத வரிகளை, அரை நொடி பின்னால், தலையை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் முதல் குரல் அவருடையதுதான். “ஒன்ஸ் மோர்.”

இரண்டாம் முறை முடிந்ததும் மேடையருகே வந்தார். “ஏலே அப்பு,” என்று பிரபுவைக் கூப்பிட்டார். “அம்புட்டுப் பேருக்கும் மறந்துபோன படத்தை எப்பிடிறா பிடிச்ச? டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குவிச்சு வச்சு உக்காந்து பார்த்த படம்டா. அந்தப் புள்ள வெள்ளைப் பாவாடை கட்டிக்கிட்டு சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.”

“ஆமாங்கய்யா,” என்றான் பிரபு. “நிக்கும்.”

“அப்புறம் மூத்தவன் பொறந்த வருசம் திண்டுக்கல்லுல மறுபடி போட்டான். அப்பவும் போய்ப் பார்த்தேன்.”

பின்னால் நின்ற பழனியம்மாள் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “மூத்தவன் பொறந்தப்ப நான் எங்க ஆத்தா வீட்டுல கிடந்தேன். நீங்க யாரோட போனீக?”

சோலைமுத்து துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வேட்டுச் சத்தம் கேட்டது. சீர் வேன் வந்துவிட்டது. கட்டிய பெண்டாட்டியின் அண்ணன்மாரை அவர் அவ்வளவு அன்போடு ஓடிப்போய் வரவேற்றது அன்றுதான் முதல் தடவையாம்.

அந்தக் கச்சேரியை யாரோ போனில் எடுத்து, ‘அரிய பாடல், கேட்டு மகிழுங்கள்’ என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் லிடியாவின் அம்மா அன்னாள், அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அந்த வீடியோவின் கீழே வந்திருந்த கருத்துகளை உரக்கப் படித்தாள்.

“‘என் தந்தை தறியில் உட்கார்ந்து இதைப் பாடுவார்.’ பாவம், எந்த ஊர்க்காரரோ. ‘படம் சரியாக ஓடவில்லை, பாடல்கள் மட்டும் ஹிட்.’ இன்னொருத்தர் சொல்றார், ஹீரோ வெள்ளை ஷூ போட்டிருப்பாராம். அவருக்கு ஒருத்தர் பதில் போட்டிருக்கார், ஷூ இல்லை செருப்புதான், நன்றாக நினைவிருக்கிறதுன்னு. இடைவேளை விடுறதே இந்தப் பாட்டு முடிஞ்சுதானாம்.”

“அம்மா, அப்படி ஒரு படமே இல்ல.”

“தெரியும்டி. நீதான சொன்ன.” அன்னாள் கரண்டியை எடுத்துக் கிண்டினாள். “ஆனா லிடியா, கோவிச்சுக்காத. எனக்கே எங்கயோ கேட்ட மாதிரிதான் இருக்கு. கோயில் திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு போடுவாங்கள்ல, அதுல. நீ சின்னப் பிள்ளையா இருக்கப்ப நான் பாடி, அது உன் மனசுல தங்கிருச்சோ என்னமோ.”

“நிஜமாவே நான்தாம்மா எழுதுனேன்.”

“நான் இல்லைன்னா சொன்னேன்?” என்றாள் அன்னாள், இல்லையென்று சொன்ன முகத்தோடு.

அன்று லிடியா இணையத்தில் கிடைத்த பழைய பாட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கேட்டாள். அம்மா சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம்தான். தன் மெட்டு எங்குமில்லை. அதன் உறவினர்கள்தான் இருந்தார்கள். ஒரு பாட்டில் அதன் மூக்கு, இன்னொன்றில் அதன் நடை. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டுமென்று மூன்று நிமிடத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிந்த பாட்டுகள். நாயகன் மலையேறி முடியும்வரை நீண்ட வயலின் முன்னிசைகள். பிறகு போனில் மணியடிப்பதற்கென்றே பல்லவியை மட்டும் பளபளப்பாக்கிக்கொண்ட பாட்டுகள். இப்போது பத்து விநாடிக்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் கட்டைவிரல் அடுத்ததற்குப் போய்விடும் என்று வாசலிலேயே கத்துகிற பாட்டுகள். எல்லாமே ஒரே குடும்பம்போலத்தான் தெரிந்தது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் துணியைக் கேலி செய்துகொண்டே அதை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டது.

நிம்மதியாகி, வீடியோவின் கீழே எழுதினாள்: ‘இந்தப் பாடலை எழுதி இசையமைத்தது நான். என் பெயர் லிடியா.’

முதல் பதில் உடனே வந்தது. ‘1968-இல் தங்களுக்கு என்ன வயது?’

இரண்டாவது பதில்: ‘சகோதரி, பெரியவர்களின் உழைப்பைத் திருடாதீர்கள்.’

போனைக் கவிழ்த்து வைத்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் விக்கல் எடுத்தது.

அடுத்த மாதம் தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். மேடையேறும் முன்பே மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வந்து மாஸ்டரிடம் பணிவாகக் கேட்டார்.

“ஏனுங்க, அந்த ‘பொன்மாடப் புறா’ பாட்டு பாடுவீங்களாங்க?”

“பாடுவோங்க.”

“வயலின் வச்சுப் பாடறீங்களே, அது வேண்டாமுங்க. அது எண்பத்திரண்டுல வந்த படமுங்க. ஹீரோ சைக்கிள்ல வருவாருங்க. நல்ல தாளம் இருக்குமுங்க.”

மாஸ்டர் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. “நாங்க பாடுறது பழைய படமுங்க. நீங்க சொல்றது அதே பேர்ல ரெண்டாவது எடுத்தது,” என்று சொல்லிவிட்டு, கீபோர்டில் பேஸ் கிடாரைத் தேடினார். அக்பர் அலி தபேலாவை மூடி வைத்துவிட்டு டோலக்கை இழுத்தார். லிடியா மணப்பெண்ணின் அறை வாசலில் நின்றபடியே வரிகளை மாற்றினாள். ‘வந்தாயோ, திறந்தாயோ’ என்று சைக்கிளில் போகிறவன் பாடமாட்டான்.

*சன்னக்காத்து வருது வருது*
*சாவிக்கொத்து குலுங்குது*
*பூட்டிவச்ச மனசுக்குள்ள*
*பூனைக்குட்டி உருளுது*

சித்தப்பா எழுந்து துண்டைச் சுழற்றினார். “இதுதானுங்க. இதேதானுங்க,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அதே பாட்டு வேண்டும், ஆனால் வேறு மாதிரி. முழுப் பாட்டில் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். ‘சாவி’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சாவி, சாவி, சாவி என்று அவள் பாட, எங்கே, எங்கே, எங்கே என்று அவர்கள் கத்த, ரிதம் பேட் அதிர, பந்தலில் கட்டியிருந்த வாழைமரம் ஒன்று சாய்ந்துவிட்டது.

திரும்பும் வழியில் லிடியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பழைய பாட்டு காற்றிடம் கேட்டது. எண்பதுகளின் பாட்டு காற்றோடு ஆடியது. இன்றைய பாட்டு காற்றை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் அதட்டிக் கேட்கிறது. மூன்றையும் எழுதியது தான் ஒருத்திதான், மூன்றுமே பொய்யாகவும் இல்லை. இதை அவள் வேனில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

“ஒரே மாசத்துல மூணு பொறப்பு எடுத்திருச்சு அந்தப் பாட்டு,” என்றார் அக்பர் அலி. “பெத்தவ பேரு மட்டும் ஒண்ணுலயும் இல்ல.”

“நான்தானக்கா கெடுத்தேன்,” என்றான் பிரபு. “அன்னிக்கி அந்தப் புறாவைப் பார்த்திருக்கக் கூடாது.”

லிடியா தலையசைத்தாள். “நீ படம் பேரு சொல்லலைன்னா அவங்க உக்காந்தே இருக்க மாட்டாங்க. அதான்டா எனக்கு எரிச்சலா இருக்கு.”

பிறகு முன் சீட்டைப் பார்த்துச் சொன்னாள். “அடுத்த கச்சேரியில படம் பேரு கிடையாது. எம் பேரைச் சொல்லித்தான் பாடுவேன். எந்திரிச்சுப் போறவங்க போகட்டும். எல்லாரும் போயிட்டா அதோட நான் இந்தப் பேச்சை விட்டுர்றேன்.”

மாஸ்டர் முதன்முறையாக முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். “அடுத்த கச்சேரி யாருதுன்னு தெரியுமா?”

தெரியாமல் இல்லை. சோலைமுத்துவின் இளைய மகனுடைய கல்யாண வரவேற்பு, திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில். முன்பணம் கொடுக்க வந்தபோதே, ‘எம் படத்துப் பாட்டுதான் முதல் பாட்டு’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“சம்பந்தி வீட்டுக்கெல்லாம் படத்தோட கதையைச் சொல்லி வச்சிருக்காரு,” என்றார் மாஸ்டர். “நீ மேடையில போட்டு உடைச்சா, மகன் கல்யாணத்துல அந்த மனுசன் புளுகனாகி நிப்பாரு. பாட்டு உன்னோடதுதான். இல்லைங்கலை. ஆனா அவரோட சந்தோசத்தை உடைக்கிறதுக்கு நமக்கு என்ன உரிமை?”

“அப்ப அவர்கிட்டயே மொதல்ல சொல்லிர்றேன்,” என்றாள் லிடியா.

வரவேற்பு நாளன்று மத்தியானமே மைக் சோதிக்கப் போய்விட்டார்கள். லிடியா மேடையில் நிற்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போனாள். பெரிய அண்டாக்களுக்கு நடுவில் சோலைமுத்து உள்ளங்கையில் சாம்பார் வாங்கி ருசி பார்த்துக்கொண்டிருந்தார். பழனியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வா தாயி. சாப்பிட்டியா? உப்பு கூடவா இருக்கா பாரு.”

“ஐயா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பாட்டு நான் எழுதுனது.”

“எந்தப் பாட்டு?”

“‘சன்னலோரம் வந்த காற்றே.’ மெட்டும் நான் போட்டதுதான். அப்படி ஒரு படமே வரலைங்கய்யா. அன்னிக்கிப் பிரபு வாய்க்கு வந்த பேரைச் சொல்லிட்டான். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

சோலைமுத்து கையை நக்கி, துண்டில் துடைத்தார். அவருக்குப் பின்னால் பழனியம்மாளின் முகம் மெல்ல மலர்ந்தது.

“நல்லா சொன்ன தாயி,” என்றாள் அவள். “படமே இல்ல. அப்ப அந்த வருசம் இவுக யாரோடயும் போகலை. நான்தான் இந்த ரெண்டு மாசமா வீணா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

சோலைமுத்து இப்போது இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். படம் இருந்தால் யாரோடு போனார் என்று சொல்ல வேண்டும். படம் இல்லையென்றால் ஊருக்கெல்லாம் புளுகியதாகும். அண்டாவில் மிதந்த முருங்கைக்காயை அதுதான் பதில் சொல்லும் என்பதுபோலப் பார்த்தார்.

“ஏந்தாயி,” என்றார் கடைசியில். “பாட்டை நீ எழுதியிருப்ப. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா படத்தை நீயா எடுத்த?”

“இல்லைங்கய்யா.”

“அப்புறம் எப்பிடி இல்லைங்கிற? எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குதே. வெள்ளைப் பாவாடை. ரெட்டைச் சடை. வெளிய ஒரு மாட்டுவண்டி போகும், அதை அது பார்க்கவே பார்க்காது.”

லிடியா அந்தப் பாட்டை எழுதியபோது ஜன்னலில் நின்றவள் பச்சைத் தாவணி கட்டியிருந்தாள். ஒற்றைச் சடை. வெளியே மாட்டுவண்டி கிடையாது, மழை நின்ற தெருதான் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் நாலு வரியை வைத்துக்கொண்டு இந்த மனிதர் தனக்கென்று ஒரு படமே எடுத்து, மணலில் உட்கார்ந்து பார்த்தும் விட்டார் என்று தோன்றியபோது, அவளுக்கு அவர்மேல் கோபப்பட முடியவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“மேடையில எம் பேரைச் சொல்லிக்கலாமாய்யா?”

“தாராளமா உம் பேரைச் சொல்லிக்க,” என்றார் சோலைமுத்து. “எம் படத்துல மட்டும் கை வைக்காத.”

“படம் இவுக ஒருத்தருக்கு மட்டும் ஓடுனதுன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றாள் பழனியம்மாள், வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி. “தனியாத்தான போயிருக்க முடியும்.”

மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. சாமிப் பாட்டு முடிந்தது. பிரபு மைக்கை எடுத்தான். மாஸ்டர் வயலின்களில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“அடுத்து வரும் பாடல்,” என்றான் பிரபு. வழக்கமான கனத்த குரல் இல்லை அது. வேனுக்குள் பேசுகிற குரல். “இதை எழுதியவர் எங்கள் லிடியா. இசையமைத்தவர் லிடியா. இதோ இப்போது பாடப்போகிறவரும் லிடியா. வெளிவந்த ஆண்டு, இந்த ஆண்டு.” மூச்சு வாங்கிக்கொண்டான். “படம், சோலைமுத்து ஐயா அவர்கள் தனியாகப் பார்த்த ‘பொன்மாடப் புறா’.”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. பிறகு பெண் வீட்டார் பக்கம் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். முன் வரிசையில் சோலைமுத்து எழுந்து நின்று, பட்டம் வாங்குகிறவர்போல இரண்டு பக்கமும் கும்பிட்டார்.

“யாரு எழுதுனா என்ன, முதல்ல பாடும்மா,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

லிடியா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முதல் வரியிலேயே ஆறேழு நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாள். எழுந்தவர்கள் பந்திக்குப் போகவில்லை. தூண் மறைக்காத இடமாகப் பார்த்து நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பல்லவி திரும்பியபோது பாதி மண்டபம் கூடப் பாடியது. நத்தத்துக்காரர்கள் ஒரு மாதிரி, இணையத்தில் கேட்டவர்கள் வேறொரு மாதிரி, பையன்கள் ‘சாவி’ வரும்போது மட்டும். சரணத்தின் நடுவில் சமையல்காரர் வந்து இலை போட்டாயிற்று என்று ஜாடை காட்டினார். யாரோ அவரையும் பிடித்து உட்கார வைத்தார்கள்.

முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. மாஸ்டர் கீபோர்டை விட்டுவிட்டுத் தானும் தட்டினார். பிறகு அடுத்த பாட்டின் தாளத்தைத் தேடக் குனிந்தவர், பழனியம்மாள் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் படியேறி வருவதைக் கண்டு நிறுத்தினார்.

அவள் நேராக லிடியாவிடம் வந்து நின்றாள். மைக்கை அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. லிடியாவின் கையோடு சேர்த்தே பிடித்துக்கொண்டாள். பேசியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஏந்தாயி, எனக்கு ஒரே ஒரு விசயம் தெரியணும். சன்னல்ல நின்ன அந்தப் புள்ள கடைசியில வெளிய வந்தாளா, வரலையா? இவுககிட்டக் கேட்டா ரீல் அறுந்துபோச்சுங்கிறாக. நீ எழுதுனதுதான, உனக்குத் தெரியாம இருக்காது. அதையும் ஒரு பாட்டாப் பாடிச் சொல்லு தாயி.”